எடுக்காத ஓய்வு

செல்போனில் 'ஓய்வு' என்று ஒரு பொத்தான் வந்தபோது, சங்கரன்கோவில் லாரி ஷெட்டிலேயே சந்தோஷப்பட்ட ஒரே ஆள் இசக்கித்துரைதான்.

மற்ற டிரைவர்கள் எல்லோரும் முணுமுணுத்தார்கள். ஷெட்டு பரமசிவன் அண்ணாச்சியுடையது. அவருடைய லாரிகள் எல்லாம் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஃபேக்டரிக்குக் காண்ட்ராக்டில் ஓடின. ஒருநாள் ஃபேக்டரிக்காரர்கள் டிரைவர்களை ஒரு கல்யாண மண்டபத்துக்கு வரச்சொல்லி ஆளுக்கொரு போன் கொடுத்தார்கள். அதை ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் மாட்டிவிட வேண்டும். வண்டியை எடுத்தால் 'ட்யூட்டி'யை அமுக்க வேண்டும், நிறுத்திப் படுத்தால் 'ஓய்வை' அமுக்க வேண்டும். ஓய்வு குறைந்தால் திரை சிவப்பாகிவிடும், வண்டியை எடுக்கக் கூடாது. போதுமான ஓய்வு எடுத்திருந்தால் பச்சை விழும்.

"பொண்டாட்டிக்குக்கூட இவ்வளவு கணக்கு சொன்னதில்லவே" என்றான் யாகூப். இசக்கித்துரையும் அவனும் ஒரே வருஷத்தில் லைசென்ஸ் எடுத்தவர்கள். ஒருவரை ஒருவர் 'வே' போட்டுத்தான் பேசிக்கொள்வார்கள்.

இசக்கித்துரை சிரிக்கவில்லை. எழுந்து நின்று, தேய்த்த சட்டை போட்டுவந்த ஃபேக்டரி ஆபீசரிடம் கேட்டார். "சார், ரெஸ்ட் எடுத்ததுனால லோடு லேட்டாச்சுன்னா எங்களைத்தானே ஏசுவாங்க?"

"யாரும் ஏச முடியாதுங்க. இதைக் காட்டுங்க. உங்க தூக்கத்துக்கு இதுதான் சாட்சி" என்றார் ஆபீசர்.

அந்த வார்த்தை இசக்கித்துரைக்குப் பிடித்துப்போனது. இருபத்துச் சொச்சம் வருஷமாக ஸ்டியரிங் பிடிக்கிறார். லோடு வந்ததா, நனைந்ததா, மூட்டை குறைந்ததா என்றுதான் எல்லோரும் கேட்டிருக்கிறார்களே ஒழிய, தூங்கினாயா என்று ஒரு நாதி கேட்டதில்லை. கூட ஓட்டிய சிவகிரிக்காரர் ஒருத்தர் கண் அசந்து, நின்றுகொண்டிருந்த டிரெய்லருக்குப் பின்னால் போய்ச் சொருகிச் செத்தார். அவரைப் பிய்த்துத்தான் எடுத்தார்கள். அன்றைக்கு இசக்கித்துரையும் ஒரு கை பிடித்தவர்.

வீட்டுக்கு வந்து மனைவி மாரித்தாயிடம் சொன்னார். "ஏட்டி, இனி நான் தூங்குனா ஃபேக்டரிக்கே தெரியும். தூங்கலைன்னாலும் தெரியும்."

மாரித்தாய் தறிப்பட்டறையில் தார்க்குச்சிக்கு நூல் சுற்றப் போகிறவள். காலை முதல் சாயங்காலம் வரை மிஷின் சத்தத்தில் இருந்து பழகியதால் வீட்டிலும் கத்தித்தான் பேசுவாள். "தெரிஞ்சு என்ன செய்வாங்களாம்? வந்து தாலாட்டுவாங்களா?" என்று கேட்டாள்.

ஆனாலும் ஆரம்பத்தில் நன்றாகத்தான் போனது. இசக்கித்துரை நேர்மையாக அமுக்கினார். சிவப்பு விழுந்தால் டோல்கேட் தாண்டி வேப்பமரம் பார்த்து வண்டியை ஒதுக்கிவிட்டு, லுங்கியை மாற்றிக்கொண்டு காலை நீட்டிப் படுத்தார். ரெண்டு தடவை லோடு தாமதமானது. பரமசிவன் அண்ணாச்சி பல்லைக் கடித்தாரே தவிர வாய் திறக்கவில்லை. கிளீனர் வைத்து ஓட்டிய காலம் எப்போதோ போய்விட்டது. தனியாளாகவே ஓடிப் பழகியவருக்கு, அந்தச் சின்னத் திரை யாரோ கூட உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

கோளாறு ஃபேக்டரி வாசலில் இருந்தது.

உள்ளே போக டோக்கன் வாங்க வேண்டும். வாங்கிவிட்டு வரிசையில் நிற்க வேண்டும். முன்வண்டி நகர நகர நாமும் நகர்த்த வேண்டும். மைக்கில் நம்பர் கூப்பிடும்போது ஆள் இல்லை என்றால் வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள். அதனால் யாரும் படுப்பதில்லை. லோடு ஏறும்போது மூட்டையை எண்ணிக்கொண்டு கீழே நிற்க வேண்டும். ஏறி முடிந்ததும் மேலே ஏறித் தார்ப்பாயை இழுத்துப் போட்டுக் கயிறு கட்ட வேண்டும். சிமெண்ட் தூசியில் கண் எரியும். இப்படியே ஒரு பகலும் ஒரு ராத்திரியும் போய்விடும். ஆனால் இன்ஜின் அணைந்திருக்கிறது. வண்டி ரொம்ப நேரம் நின்றால், நாம் அமுக்காவிட்டாலும் அந்தப் போன் தானாகவே ஓய்வு என்று எழுதிக்கொள்ளும். கொஞ்சம் கொஞ்சமாக நகர்வதையெல்லாம் அது ஓட்டுவதாகவே நினைக்காது. கயிறு கட்டிவிட்டு இசக்கித்துரை கீழே இறங்கும்போது திரை பளிச்சென்று பச்சையாக இருக்கும். ஓய்வு நிறைவு, பயணத்தைத் தொடரலாம்.

முதல் தடவை இதைப் பார்த்ததும் அவர் சங்கரன்கோவில் ஆபீசுக்குப் போன் போட்டார். வண்டிகளைக் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டிருப்பது சண்முகப்ரியா என்ற பெண். படித்து முடித்ததும் வேலைக்கு வந்தவள்.

"ஏம்மா, நான் படுக்கவே இல்ல. தார்ப்பா கட்டிட்டு இப்பத்தான் எறங்குதேன். இது ரெஸ்ட்டுன்னு காட்டுது பாத்துக்கோ. மாத்திரு."

"மாத்தலாம் அண்ணாச்சி. மாத்துனா செவப்பு விழும். இந்த லோடு அங்கனயே நிக்கும். ஃபேக்டரில இருந்து எதுக்கு மாத்துனேன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும். உள்ளதைச் சொல்லு."

அவள் மாற்றினாள். மறுநாள் ஃபேக்டரியிலிருந்து பரமசிவன் அண்ணாச்சிக்குப் போன் வந்தது. எங்கள் வளாகத்தில் டிரைவருக்கு ஓய்வு இல்லை என்று எழுதினால் என்ன அர்த்தம், உங்களுக்குக் காண்ட்ராக்ட் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டார்களாம். அண்ணாச்சி சண்முகப்ரியாவை நிற்க வைத்து ஏசினார். அடுத்த தடவை இசக்கித்துரை போன் போட்டபோது அவள் குரல் கம்மியிருந்தது. "வேண்டாம் அண்ணாச்சி. என் வேலை போயிரும். நீங்க கொஞ்ச தூரம் வந்து ஓரமா நிறுத்திப் படுங்களேன்."

படுக்கலாம்தான். ஆனால் பச்சை விழுந்த வண்டி ஏன் நிற்கிறது என்று அடுத்த போன் வரும். சாட்சி இப்போது மறுபக்கம் சேர்ந்துவிட்டது என்பது இசக்கித்துரைக்கு விளங்கியது. விளங்கியும் ஓட்டினார். எல்லோரும்தானே ஓட்டுகிறார்கள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

சென்ற வருஷம் பங்குனியில் ஒரு லோடு. சங்கரன்கோவில் கடைக்கே இறக்க வேண்டிய சிமெண்ட் என்பதால், வீட்டுக்குப் போய்ச் சோறு தின்று படுத்துவிடலாம் என்ற எண்ணத்தில் அவர் எங்கும் நிறுத்தாமல் வந்தார். ஃபேக்டரி வாசலில் அந்த முறை கூட்டம் அதிகம், ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை. மதுரை தாண்டி முகம் கழுவினார். ராஜபாளையத்தில் டீ குடித்தார். பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டே வந்தார். கரிவலம்வந்தநல்லூருக்குக் கொஞ்சம் முன்னால், வெயில் உச்சிக்கு ஏறிய நேரம், இன்னும் கொஞ்ச தூரம்தான் என்று மனசு இளகிய இடத்தில் கண் மூடியது.

பாலத்துக் கட்டையில் வண்டி உரசிய சத்தத்தில் விழித்து, பிரேக்கில் ஏறி நின்றார். அதற்குள் நடக்க வேண்டியது நடந்துவிட்டது.

பஸ்ஸுக்காக அந்தக் கட்டையில் உட்கார்ந்திருந்தவள் ராஜகுமாரி. அந்த ஊர் அங்கன்வாடியில் சமையல் செய்கிறவள். ஏதோ மீட்டிங்குக்காகச் சங்கரன்கோவில் போகப் புறப்பட்டு வந்திருந்தாள். இசக்கித்துரை குதித்து ஓடித் தன் துண்டை எடுத்து அவள் இடது காலை இறுக்கிக் கட்டினார். கட்டும்போதே தெரிந்தது, முழங்காலுக்குக் கீழே கட்டுவதற்கு ஒன்றுமில்லை என்று. அவள் அலறவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வயலிலிருந்து ஓடிவந்தவர்கள் ஆம்புலன்சுக்குப் போன் போட்டுவிட்டு அவரை அடித்தார்கள். ஒருத்தன் அவர் வாயை முகர்ந்து பார்த்து, "குடிக்கலையேலே!" என்று ஆச்சரியப்பட்டு, அதற்கும் சேர்த்து ஒரு அறை வைத்தான்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் நிதானமாகத்தான் பேசினார். பரமசிவன் அண்ணாச்சி அந்தப் போன் கணக்கை அச்செடுத்து அனுப்பிய தாளை மேஜையில் விரித்து வைத்திருந்தார். ராத்திரி முழுக்க நீளமாக ஒரு பச்சைக் கோடு.

"நல்லா ரெஸ்ட் எடுத்திருக்கே. குடிக்கவும் இல்லேன்னு டெஸ்ட்ல வந்திருச்சு. அப்புறம் எப்படிய்யா ஏத்துனே? போன் நோண்டுனியா?"

"தூங்கல சார். அது லோடு ஏத்த நின்ன நேரம். வண்டி நின்னா அதுவா ரெஸ்ட்டுன்னு போட்டுக்கிடும்."

"எல்லாவனும் ரெஸ்ட் எடுக்காம எடுத்தேன்னு சொல்லுவான். நீ எடுத்துட்டு எடுக்கலைங்கே" என்று சிரித்துவிட்டு எழுத ஆரம்பித்தார்.

ஜாமீனில் எடுத்துக் காரில் அழைத்துவரும்போது அண்ணாச்சி தோளில் கை போட்டார். "ஏலே இசக்கி, நான் சொல்லுததைக் கேளு. தூங்கலைன்னு சொன்னேன்னு வையி, தூங்காம ஏம்லே எடுத்தேன்னு உன்னத்தான் கேப்பான். காண்ட்ராக்டும் போகும், இத்தனை டிரைவர் வீட்டுலயும் அடுப்பு அணையும். பச்சை இருந்துச்சுன்னா விபத்து. விபத்து யாருக்கும் வரும். வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு."

இசக்கித்துரை சும்மா இருந்தார்.

ரெண்டு மாசம் கழித்து, ராஜகுமாரி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனார். மாரித்தாய் தடுத்தாள். "அடிச்சுக் கொன்னு போட்டுருவாங்க" என்றாள். அடித்தால் அடிக்கட்டும் என்றுதான் போனார். யாரும் அடிக்கவில்லை. அவள் புருஷன் ஆடு மேய்க்கப் போயிருந்தான். ராஜகுமாரி வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சேலைக்குக் கீழே ஒரு கால்தான் தெரிந்தது.

அவரை அடையாளம் தெரிந்துகொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. தெரிந்ததும் கீரையைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணு கேக்கணும்னு நெனச்சுக்கிட்டே இருக்கேன்" என்றாள். "நல்லா தூங்கி எந்திரிச்சுத்தான் வந்தேன்னு பேப்பர்ல இருக்காமே. வக்கீல் சொன்னாரு. தூங்கி எந்திரிச்ச கண்ணுக்கு, ரோட்டோரத்துல ஒரு பொம்பளை உக்காந்திருக்கது தெரியலையா? அப்படி என்னத்தப் பாத்துக்கிட்டு வந்தே?"

"இல்லம்மா. நான் தூங்கவே இல்ல. முந்தின நாளுல இருந்து கண்ணு மூடல. அது மிஷின் எழுதுன பொய்."

"தூங்கலையா?"

"இல்ல."

"தூங்கலைன்னு தெரிஞ்சுமா ஓட்டுனே?"

ஃபேக்டரி, டோக்கன், காண்ட்ராக்ட் எல்லாம் நெஞ்சு வரை வந்து நின்றுவிட்டன. ஒரு காலை இழந்து உட்கார்ந்திருப்பவளிடம் அதையெல்லாம் எப்படிச் சொல்வது?

"இதைக் கோர்ட்டுல சொல்லுவியா?" என்று கேட்டாள்.

"சொல்லுதேன்."

"சொல்லு. தப்பு பண்ணுனது நீ மட்டுந்தான்னு ஆயிரக் கூடாது." அவ்வளவுதான் பேசினாள். மறுபடி கீரையை எடுத்துக்கொண்டாள்.

அவர் சொன்னார். அண்ணாச்சி வைத்துக்கொடுத்த வக்கீல் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுக்க இழுக்க, கூண்டில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். வாசலில் நிற்பது, மைக்கில் கூப்பிடுவது, தார்ப்பாய் கட்டுவது, அது ஓய்வாக விழுவது. மாஜிஸ்திரேட் நடுவில் பேசாமல் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அப்படீன்னா தூக்கம் இல்லாத நிலையில வண்டி ஓட்டினது உங்களுக்குத் தெரியும். ஒத்துக்கறீங்க" என்றார்.

"ஆமாய்யா. ஆனா..."

"இந்த வழக்கு உங்க மேல. ஃபேக்டரி மேல இல்ல. அந்தப் போன்ல இருக்க ஆப் மேலயும் இல்ல."

அவர் வாயால் சொன்னதே அவருக்குக் குற்றமாக முடிந்தது. அபராதம் விதித்து, லைசென்சையும் முடக்கினார்கள். ராஜகுமாரியின் நஷ்டஈட்டு வழக்கு வேறு கோர்ட்டில் தனியாக நடந்தது. அங்கே எல்லாப் பக்கமும் நீட்டியது அந்தப் பச்சைக் கோட்டைத்தான். டிரைவருக்கு முழு ஓய்வு கொடுத்திருந்தோம் என்றார்கள், அத்தோடு ஃபேக்டரிக்கும் பொறுப்பு உண்டு என்ற பேச்சே முடிந்தது. அந்த வருஷம் அண்ணாச்சியின் ஷெட்டுக்கு, ஓய்வு விதிகளைச் சரியாகக் கடைப்பிடித்ததற்காகக் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு பாராட்டுத் தாளும் வந்தது. அது இப்போதும் ஆபீஸ் சுவரில், சங்கரநாராயணர் காலண்டருக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

அவருக்குத் தீர்ப்பு சொன்ன அன்று கோர்ட் வாசலில் ராஜகுமாரி ஊன்றுகோலோடு வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். இசக்கித்துரை பக்கத்தில் போனார்.

"சொன்னேன்" என்றார்.

"சொன்னியாம். வக்கீல் சொன்னாரு. கடைசில நீ மட்டுந்தான்னு ஆயிட்டே" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று பட்டது அவருக்கு.

வண்டி ஓட்ட முடியாத டிரைவருக்கு ஊரில் என்ன வேலை இருக்கிறது? பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். இடுப்புப் பிடித்துக்கொண்டது. சும்மா வீட்டில் இருந்தபோதுதான் பரமசிவன் அண்ணாச்சி ஆளனுப்பினார். சண்முகப்ரியா கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய்விட்டாள், கம்ப்யூட்டரைப் பார்க்க ஆள் வேண்டும்.

"கோர்ட்டுல எனக்கு எதிராத்தான் பேசுனே. நான் மனசுல வைக்கல. உன்னத் தெருவுல விட்டுருவேனாலே? வா, வந்து உக்காரு. நெழல்ல வேலை" என்றார் அண்ணாச்சி.

அந்த இரக்கத்தைத்தான் இசக்கித்துரையால் தாங்க முடியவில்லை. கோபித்துத் துரத்தியிருந்தால், தான் சொன்னது யாரையோ சுட்டது என்று நினைத்துக்கொள்ளலாம். யாரையும் சுடவில்லை. மாரித்தாய் அன்று கத்தாமல் பேசினாள். "போங்க. உங்களுக்குத் தெரிஞ்ச வேலைதானே. நாலு பேரு தூங்குதாங்களான்னாவது பாத்துக்கிடலாம்ல."

அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் அவர் போனார்.

நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மாசம் ஆகியிருக்கும். ஒருநாள் காலையில் யாகூபின் வண்டி பச்சையாகிக் கிளம்பத் தயாராக நின்றது. இசக்கித்துரை போன் போட்டார்.

"யாகூபு, தூங்குனீராவே?"

"எங்கவே தூங்க? இப்பத்தான் கயிறு கட்டி முடிச்சேன்."

"அப்ப படுத்துக்கிடும். நான் செவப்பாக்குதேன்."

"வே, வேண்டாம்! மக வளைகாப்பு இன்னைக்கிச் சாயங்காலம். நான் வரணும்."

இசக்கித்துரை மாற்றிவிட்டார். ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒரு காரியம் செய்தது போல இருந்தது. வண்டி அங்கேயே நின்றது. ஃபேக்டரி போன் போட்டது, அண்ணாச்சி போன் போட்டார். யாகூப் மகள் வளைகாப்புக்கு வந்து சேரவில்லை. ஊர் வந்த அன்று நேராக ஆபீசுக்குள் நுழைந்தான். கதவைச் சாத்தக்கூட இல்லை.

"நீரு ஒருத்தி காலை எடுத்தீரு. அதுக்கு நான் என்னவே செய்யணும்? உம்ம பாவத்தக் கழுவ என் தலைதானா கெடச்சுது? மக அப்சானா வாசலைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தாளாம். அடுத்த தடவை செவப்பாக்கிப் பாரும், போனைக் கழட்டிக் கெணத்துல எறிஞ்சுட்டுப் போவேன். உம்மாலதான் எல்லார் வண்டியும் நிக்குன்னு ஷெட்டுல பேசுதாங்க, தெரியுமாவே?"

இசக்கித்துரை கதவுக்கு வெளியே நின்ற மற்ற டிரைவர்களைப் பார்த்தார். ஒருத்தனும் யாகூபைத் தடுக்கவில்லை. அவர்களுக்கும் வீட்டில் விசேஷம் இருந்தது, காய்ச்சல் இருந்தது, ஃபீஸ் கட்ட வேண்டிய பிள்ளை இருந்தது. இதெல்லாம் அவருக்கும் இருந்த காலம் ஒன்று உண்டு. அப்போது யாராவது அவரைச் சிவப்பாக்கி நிறுத்தியிருந்தால் அவரும் வந்து இப்படித்தான் கத்தியிருப்பார்.

அடுத்த டிரிப்பில் யாகூப் வண்டி மறுபடி பச்சையானது. அவனே போன் போட்டான். "என்னவே, விடுதீரா?"

"தூங்குனீரா?"

"தூங்குனேன்."

ரெண்டு பேருக்கும் தெரியும். இசக்கித்துரை, "சரி, வாரும்" என்றார். அன்று மதியம் வரை அவர் சாப்பிடவில்லை. திரையில் அந்த வண்டியின் புள்ளி மதுரை தாண்டுவதையும், ராஜபாளையம் தாண்டுவதையும், கரிவலம்வந்தநல்லூர் பாலத்தை நெருங்குவதையும் பார்த்துக்கொண்டே இருந்தார். புள்ளி பாலத்தைத் தாண்டியது. ஷெட்டுக்குள் வண்டி நுழைந்த சத்தம் கேட்டது. யாகூப் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "பாத்தீராவே, ஒண்ணும் ஆவல" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஒன்றும் ஆகவில்லை. மறுநாளும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதற்கப்புறம் அவர் போன் போட்டுக் கேட்பதையும் நிறுத்திவிட்டார். பொய் சொல்ல வைப்பானேன் என்று இருந்தது. சில நேரம் பச்சை விழக் கொஞ்சம் நேரம் பாக்கி இருக்கும்போதே, அவசரம் அண்ணாச்சி என்று டிரைவர்கள் கெஞ்சுவார்கள். அதையும் கம்ப்யூட்டரில் பச்சையாக்கிக் கொடுக்கக் கற்றுக்கொண்டார்.

ஆடித்தபசுக்குக் கோவில் தெருவில் கூட்டம் நெரிந்தது. மாரித்தாய் வளையல் வாங்கப் போன இடத்தில் யாகூபின் மனைவி ஆமினாளைப் பார்த்தாள். சண்டைக்குப் பிறகு ரெண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. ஆமினாள்தான் தானாக வந்து கையைப் பிடித்துக்கொண்டாளாம்.

ராத்திரிச் சோற்றைப் போட்டுக்கொண்டே மாரித்தாய் அதைச் சந்தோஷமாகச் சொன்னாள். "உங்களப் பத்திப் பெருமையாச் சொன்னாங்க. இப்பல்லாம் டிரைவர்மாரு எல்லாரும் உங்களத்தான் கொண்டாடுதாங்களாம். தங்கமான மனுசன், கேட்டா ஒடனே பச்சை போட்டுருதாருன்னு."

இசக்கித்துரை பிசைந்த சோற்றைத் தின்று முடித்தார். தட்டிலேயே கை கழுவினார். நாளைக்கு அரியலூரில் நாலு வண்டி நிற்கிறது, சீக்கிரம் எழுப்பிவிடு என்று சொல்லிவிட்டுப் பாயை விரித்தார்.